இல்லாவிட்டால் கரையிலேயே கிறுகு

இணையத்தளம் செய்து கொடுக்கும் தொழிலில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளில் ஒருவரும் எங்களுக்குப் போன் எடுப்பதில்லை. அதனால் போன் அடித்தாலே எங்கேயோ ஏதோ உடைந்துவிட்டதென்று அர்த்தம். நேற்று வரை ஓடின பக்கம் இன்றைக்கு வெறும் வெள்ளையாக நிற்பதைப் பார்த்து, "நான் ஒண்டும் செய்யல்லையே" என்று திரைக்கே சத்தியம் பண்ணியிருக்கிறீர்களா? அப்படியென்றால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே பாயில் படுத்தெழும்புகிற ஆட்கள்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒபிஸ். முதலாளி ரொபின் அண்ணன். எங்களில் மூத்தவ ஜெனிற்றா அக்கா. ஓட்டமாவடியில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன் றிஸ்வான். பிறகு நான். நான் சத்தமில்லாமல் மெதுவாகக் கதைக்கிற ஆள். "ஒபிஸில நாங்க மூண்டரைப் பேர்" என்று ரொபின் அண்ணன் வருகிறவர்களிடம் சொல்லுவார். அந்த அரை நான்தான்.

இந்த அரை ஆள், உலகமெல்லாம் இணையப் பக்கங்களை ஓட்டுகிற ஒரு கணினி மொழியில் ஒரு புது வரிக்கு இடம் விடச் சொல்லிக் கேட்கப் போனதுதான் இந்தக் கதை. மொழியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள் அடிபடத் தொடங்கிவிடுவார்கள்.

ஒரு மண்டபம், ரெண்டு பொம்பிளை

தேற்றாத்தீவுப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவுப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். பெயர், முகவரி, தொலைபேசி, நாள் எல்லாம் நிரப்பினால் மண்டபம் உங்களுக்கு. ஆவணியில் ஒரு நல்ல முகூர்த்தம் வந்தது. அந்த ஒரே காலைக்கு என் பக்கம் இரண்டு குடும்பத்துக்கு மண்டபத்தைக் கொடுத்துவிட்டது. இரண்டு வீட்டாரும் கல்யாணக் கார்ட் அடித்து, பாதியை ஊருக்குக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள்.

பிழை என்னுடையது. 'இந்த நாளை வேறு ஆருக்கும் கொடுத்தாச்சா?' என்று பார்க்கிற வரியை நான் தொலைபேசி இலக்கத்தைப் பார்க்கிற இடத்துக்கு உள்ளே வைத்திருந்தேன். இலக்கம் எழுதினவர்களுக்கு அந்தக் கேள்வி போனது. இரண்டாவது கல்யாணப் பொம்பிளையின் அப்பா, "நேரில போய்க் கதைக்கிறதுதானே" என்று இலக்கத்தை எழுதாமல் விட்டிருந்தார். அவருக்கு அந்தக் கேள்வி போகவேயில்லை. நேரே மண்டபம் போனது.

மண்டபத்து மனேஜர், "செஞ்ச ஆளே வந்து சொல்லட்டும்" என்று என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். பொம்பிளையின் அம்மா நிலத்தில் இருந்து, மிச்சக் கார்ட்டுகளில் மண்டபத்தின் பெயரை ஒவ்வொன்றாக வெட்டி, வீட்டு முகவரியை எழுதிக்கொண்டிருந்தா. வளவுக்குள்ளேயே பந்தல் போடுவதென்று முடிவாம். பக்கத்தில் இருந்து, ஒரு பேனையை எடுத்து நானும் வெட்டி எழுதத் தொடங்கினேன். ஒரு கட்டு முடிந்தபிறகு அவ நிமிர்ந்து பார்த்தா. "மன்னிப்பெல்லாம் வேணாம் மனே. இன்னொரு பிள்ளைக்கு இப்படி நடக்காதெண்டு சொல்லு, அது போதும்."

மடிச்சு வச்ச சாறி

அந்த ஒரு வரியை அன்றைக்கே இடம் மாற்றினோம். ஆனால் 'நடக்காது' என்று நான் சொல்லியிருக்கவில்லை. தலையை மட்டும்தான் ஆட்டியிருந்தேன். அடுத்த நாள் ஜெனிற்றா அக்காவிடம், அந்தப் பக்கத்துக்காக நான் கணினி மொழியில் எழுதின முழு நிரலையும் காட்டினேன். பெயர் இருந்தால் உள்ளே போ. உள்ளே முகவரி இருந்தால் அதற்கும் உள்ளே போ. அதற்குள் இலக்கம் இருந்தால் இன்னும் உள்ளே போ. இப்படிப் பதினொரு மடிப்பு. அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னா: "இது நிரலில்ல தம்பி, மடிச்சு மடிச்சு வச்ச சாறி. உள்ள கறை இருக்கெண்டு விரிச்சாத்தான் தெரியும்."

மடிக்காமலும் எழுதலாம். ஒவ்வொன்றாகக் கேட்டு, இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே திரும்பிவிடச் சொல்லலாம். ஆனால் எங்கள் மொழியில் அதற்குக் கேள்வி ஒன்றுக்கு நாலு வரி வேண்டும். பதினொரு கேள்வி என்றால் நாற்பத்துநாலு வரி. அலுப்பில்தான் எல்லோரும் மடிக்கிறோம், நீங்களும்தான். 'எடு, இல்லாவிட்டால் இந்தப் பெறுமதியை வை' என்று ஒரே வரியில் எழுத மொழி விடுகிறது. 'எடு, இல்லாவிட்டால் பிழையென்று கத்து' என்பதற்கும் விடுகிறது. 'எடு, இல்லாவிட்டால் திரும்பு' என்றால் மட்டும் ஏலாதாம்.

"ஏன்க்கா ஏலாது?" என்று கேட்டேன். அக்கா பகிடியாகத்தான் சொன்னா. நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. "மொழி அப்படித்தான். அந்த மொழியைச் செய்யிற ஆக்களிட்டப் போய்க் கேளன், ஆர் வேணாமெண்டது?"

பாதையில்

என் வீடு படுவான்கரையில், வாவிக்கு மேற்கே. காலையில் பாதையில் ஏறி அக்கரைக்கு வந்துதான் பஸ் பிடிக்கவேண்டும். வெளியூர் ஆட்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாவியைக் கடக்கிற மிதவை, வாவியை ஆறு என்றும் சொல்லுவோம். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஆட்களும் ஒன்றாக ஏறுவார்கள். அதை ஓட்டுகிற கோகுலன் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். என்னைப் போல் இல்லை. அவன் குரல் மறுகரைக்குக் கேட்கும்.

அன்றைக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் காஸ் சிலிண்டரைச் சும்மா வைத்துக்கொண்டு வந்தார். கோகுலன் ஏறுமிடத்திலேயே மறித்தான். "கட்டினயளா? கட்டல்லையா? கிறுகுங்க." கிறுகு என்றால் எங்கள் ஊரில் திரும்பு. அடுத்தவரிடம் எஞ்சினை நிற்பாட்டச் சொன்னான். அதற்கடுத்தவரின் ஆட்டுக்குக் கயிறு இல்லை, அதுவும் கிறுகியது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில், அவ்வளவுதான். நான் பலகையில் நின்றபடி எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டேன். சிலிண்டர்காரர் கரையில் நின்று, "ஏத்திப்போட்டுப் போற வழியில பார்த்துக் கட்டலாந்தானே?" என்று கேட்டார். கோகுலன் எஞ்சினை இழுத்துக்கொண்டே கத்தினான்: "நடு ஆத்துக்குள்ள வச்சி என்னத்தக் கேக்கிற அண்ணன்? கரையில கேக்கோணும், இல்லாட்டிக் கரையிலயே கிறுகோணும்!"

மூன்றாம் பக்கத்தில் வந்த கோரிக்கை

மொழியில் மாற்றம் கேட்க ஒரு முறை இருக்கிறது. கோரிக்கையை எழுதி ஒரு மின்னஞ்சல் குழுவில் போடவேண்டும். இரண்டு கிழமையாவது எல்லோரும் அதைப் பற்றிக் கதைக்கவேண்டும். பிறகு அந்த மொழிக்காகப் பல காலம் வேலை செய்தவர்கள் வாக்குப் போடுவார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதோடு அந்த வருடத்துப் புதுப் பதிப்புக்கு ஒரு கடைசி நாளும் உண்டு. தவறினால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான்.

கதை கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அங்கே கதை என்றால் அடியிலிருந்து வரவேண்டும். இடம், காலம், ஆள் எல்லாம் வந்து, கேட்கிறவனுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கினபிறகுதான் காரியத்துக்கு வருவார்கள். நானும் அப்படியே எழுதினேன். வாவி வந்தது, முகூர்த்தம் வந்தது, வெட்டி எழுதின கார்ட் வந்தது. குழுவில் போடமுதல், மொழியைப் பராமரிக்கிறவர்களில் ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தேன். அவர் பனி பெய்கிற ஒரு நாட்டுக்காரர். ஒபிஸில் அவருக்குப் 'பனியண்ணன்' என்று றிஸ்வான் பெயர் வைத்தான். ஒரு நாளில் பதில் வந்தது. தமிழில் சொன்னால் இதுதான்: "உங்கள் கல்யாணக் கதையை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனால் நீங்கள் கேட்பது என்னவென்று மூன்றாம் பக்கத்தில்தான் தெரிகிறது, அதை முதல் வரியில் போடுங்கள்."

ரொபின் அண்ணன் தந்த நேரம்

கோரிக்கை மட்டும் போதாது. அது வேலை செய்கிறதென்று காட்ட, மொழியின் உள்வயிற்றைத் திறந்து மாற்றி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஜெனிற்றா அக்கா உதவுவதாகச் சொன்னா. ஆனால் ஒபிஸ் நேரம் வேண்டும். ரொபின் அண்ணனிடம் போய் நின்றேன். நான் சொன்னதை அவர் மூன்று தரம் "என்ன?" என்று கேட்டார். விளங்காமல் இல்லை, என் குரல் கேட்கவில்லை. கடைசியில் அக்கா எனக்காக உரத்துச் சொன்னா.

அண்ணன் கதிரையில் சாய்ந்து யோசித்தார். "சரி, பின்னேரத்தில ரெண்டு மணித்தியாலம் எடு. ஆனா அந்தாக்கள் ஓமெண்டு சொன்னா, எங்கட பக்கத்தில 'உலக மொழியையே திருத்தின நிறுவனம்' எண்டு பெரிசாப் போடுவன். நீ அப்ப வாய் திறக்கப்படாது." மற்ற மேசையில் இருந்து றிஸ்வான் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அவன் எப்பண்ணன் வாய் திறந்தவன்?"

ஊம் சொல்லாத சபை

முதல் வரியில் கேள்வியை வைத்து, கோரிக்கையைச் சுருக்கி, மாற்றி எழுதின நிரலையும் சேர்த்துக் குழுவில் போட்டேன். ஒரு நாள் போனது, பதில் இல்லை. மூன்று நாள் போனது. பஸ்ஸில், பாதையில், சோற்றுக் கோப்பையோடு இருக்கும்போது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிழமை முடிந்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒருவரும் மூச்சு விடவில்லை.

இந்த இடத்தில்தான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். எங்கள் வீட்டில் அம்மப்பா கதை சொன்னால் கேட்கிறவன் அடிக்கொரு தரம் "ம்" சொல்லவேண்டும். "ம்" நின்றால் கேட்கிறவன் நித்திரை, இல்லாவிட்டால் கதை பிடிக்கவில்லை. சொல்கிறவர் மரியாதையாக அந்த இடத்தில் நிற்பாட்டி எழும்பிவிடுவார். எட்டாம் நாள் நானும் மரியாதையாக எழும்பினேன். 'உங்கள் நேரத்தை எடுத்ததற்கு மன்னிக்கவும், கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்' என்று குழுவுக்கு எழுதிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு ஐஸ்கிறீம் கடைப் பக்கத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் பனியண்ணனின் பதில் வந்தது. திரும்பப் பெற்றதை மறுபடி போட்டால், விதிப்படி இரண்டு கிழமை திரும்பவும் முதல் நாளில் இருந்து தொடங்கும். வாக்கு நாட்களையும் கூட்டிப் பார்த்தால், கடைசி நாளுக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம். அந்த அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் ஒரு வருடம் தள்ளிப்போகப் பார்த்தது, அதுவும் என்னால். அன்றைக்கே, அந்த நிமிடத்திலேயே, மறுபடி போட்டேன். அவர் எழுதியிருந்ததை அச்சடித்து மேசைக்கு முன்னால் ஒட்டியும் வைத்தேன்: "இங்கே பிடிக்காவிட்டால் பத்து நிமிடத்தில் உங்களைக் கிழித்துப் போட்டிருப்போம், பேசாமல் இருந்தோம் என்றால் மறுப்பு இல்லை என்று அர்த்தம், எதற்காக ஓடினீர்கள்?"

"கொஞ்சம் உரத்து"

இரண்டாம் தரம் சபை ஊமையாக இருக்கவில்லை. நான் ஓடினதைப் பார்த்தபிறகு எல்லோரும் வாசித்திருக்கவேண்டும். ஒரு பெண் நல்ல கேள்வி ஒன்று கேட்டா. நீளமான வரி ஒன்றின் நடுவில் 'திரும்பு' என்ற சொல் ஒளிந்திருந்தால், வாசிக்கிறவர் அதைக் கவனிக்காமல் போய்விடுவாரே? அதைப் பலர் பிடித்துக்கொண்டார்கள். வாக்கு விழாது போலிருந்தது. பனியண்ணன், குரல் அழைப்பில் எல்லோரும் கதைப்போம் என்றார். எழுத்தில் என்றால் ஒருவாறு சமாளிப்பேன். குரல்!

எங்கள் பின்னேரம், அவர்களின் காலை. கீழே பஸ் ஹோர்ன் அடிக்கிறது. நான் ஆங்கிலத்தில் தொடங்கினதும், "கொஞ்சம் உரத்து" என்றார்கள். இன்னும் கொஞ்சம். மூன்றாம் தரம் றிஸ்வான் எழும்பி வந்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிற்பாட்டி, மைக்கை என் பல்லில் இடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை முழுக்க வேர்வை. எழுதி வைத்திருந்த காகிதத்தை நான் மடித்தேன். பாதையைச் சொன்னேன். சிலிண்டரை, கயிறில்லாத ஆட்டை, ஏறுமிடத்தில் நிற்கிற கோகுலனை. "அந்தச் சொல்லை ஒருவரும் கவனிக்காமல் போவதில்லை, ஏனென்றால் அது எப்போதும் ஏறுமிடத்தில்தான் வரும். நடு ஆற்றில் வராது. என் கோரிக்கையிலும் அப்படியே விதி வைக்கிறேன். ஒரு பெறுமதியை எடுக்கிற தனி வரியில் மட்டும்தான் 'இல்லாவிட்டால் திரும்பு' எழுதலாம். வேறொரு வரியின் நடுவில் எழுதினால் மொழியே மறிக்கவேண்டும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இணைப்புக் கோளாறு என்று நினைத்தேன். ஆடு வந்த இடத்தில் ஒரு தரம், கோகுலன் கத்தின இடத்தில் ஒரு தரம், விதியைச் சொன்ன இடத்தில் இரண்டு தரம். கேள்வி கேட்ட அந்தப் பெண்தான். றிஸ்வான் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் காதுக்குள் சொன்னான்: "கேட்டியா மச்சான், அந்தப் பிள்ளை ஊம் கொட்டுது!"

எந்தக் கட்சி?

வாக்குப் பெட்டி மூடுகிற நேரம் எங்களுக்குக் காலை. நான் பாதையில், வாவியின் நடுவில் நிற்கிறேன். அந்த இடத்தில் போனுக்கு சிக்னல் வராது, வந்தாலும் நிற்காது. கடைசியாகப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு சேர இன்னும் ஒரு ஆதரவு வாக்கு வேண்டியிருந்தது. போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையின் நுனிக்குப் போனேன்.

"ஆத்துக்குள்ள விழப்போறியா? என்னடா முகம் இப்பிடி இரிக்கி?" என்றான் கோகுலன்.

"வாக்கு எண்ணுறாங்க."

"எந்தக் கட்சி?"

"கட்சியில்லடா. ஒரு வரி."

கரை தட்டுகிற நேரம் போன் துள்ளியது. கடைசி நேரத்தில் இரண்டு வாக்கு வந்திருந்தது. இரண்டும் ஓம். ஒன்று அந்தப் பெண்ணுடையது. நான் பலகையிலேயே குந்திவிட்டேன். எனக்குப் பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. அவன் சொன்னது எப்படி இந்த மொழிக்குள் போனதென்று கோகுலனுக்கு விளங்கப்படுத்தினேன். கேட்டுவிட்டு, ஆட்கள் பாதைக்குக் காத்து நிற்கிற, ஓட்டை விழுந்த துறைக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒரு வரிக்கு உலகமெல்லாம் வாக்குப் போடுது, இந்தக் கொட்டிலுக்கு ஒரு கூரை கேட்டு நாங்க எத்தின கடிதம் எழுதிட்டம், ஒருத்தனும் ஊம் எண்டும் சொல்லல்ல."

ஓடுற சாமான்

ரொபின் அண்ணன் சொன்ன மாதிரியே எங்கள் பக்கத்தில் பெரிசாகப் போட்டார். புதுப் பதிப்பு வெளியான கிழமை நான் தேற்றாத்தீவுக்குப் போனேன். என் வரியை முதன்முதலில் எழுதுகிற இடம் அந்த மண்டபத்துப் பக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்பது என் வைராக்கியம். அதற்கு மொழியின் புதுப் பதிப்பை ஏற்ற, மண்டபத்தின் பக்கத்தை ஓட்டுகிற பழைய சேவர் கணினியை மாற்றவேண்டும். மனேஜர் வெற்றிலைச் சுருளைக் கன்னத்தில் ஒதுக்கினார். "இப்ப ஒருத்தருக்கும் ரெண்டு தரம் குடுபடல்ல தம்பி. ஓடுற சாமானில கை வைக்காத." மூன்று தரம் கேட்டேன். கொஞ்சம் உரத்தும் கேட்டேன். அவர் அசையவில்லை.

சேவரில்தானே கை வைக்கக்கூடாது. திரும்பி வந்து, அந்த நிரலை முழுக்க விரித்து, ஒரு மடிப்பும் இல்லாமல் பழைய முறையிலேயே எழுதினேன். பதினொரு கேள்வி, கேள்விக்கு நாலு வரி, எல்லாம் கரையில். இரண்டு மாதம் கழித்து ஒபிஸ் போன் அடித்தது; வழக்கம் போல என்ன உடைந்ததோ என்று எடுத்தேன். அந்த அம்மா. இளைய மகளுக்குக் கல்யாணம் சரி வந்திருக்கிறதாம், அதே மண்டபமாம். "என்னம்மா, பக்கம் ஓடல்லையா?" என்று கேட்டேன். "ஓடுது மனே. அண்டைக்கு இவர் விட்ட மாதிரி, வேணுமெண்டுதான் ரெலிபோன் நம்பரைப் போடாம அமத்திப் பார்த்தனான், விடல்ல, கிறுக்கி அனுப்பிப்போட்டுது. இனி நம்பரைப் போட்டுப் பதியிறன்."

ஆக, நான் கேட்டு வாங்கின அந்த ஒற்றை வரி இப்போது உலகமெல்லாம் ஓடுகிறது, அது எதற்காகக் கேட்கப்பட்டதோ அந்தத் தேற்றாத்தீவு மண்டபத்துக்கு மட்டும் நான் இன்னும் நாலு நாலு வரியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.